நாலாம் சனல்

அந்த அம்ப்ளிபயர் என்னிடம் வந்தது சண்டை நின்று வன்னிக்குப் பாதை திறந்த அடுத்த வருடம். ஜேர்மனியிலிருந்து அக்காவும் அத்தானும் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஊர் பார்க்க வந்தார்கள். அவர்களுடைய மகன் இரண்டு மாதம் கிற்றார் பழகிவிட்டு, அலுத்துப்போய், ஒரு மூலையில் போட்டுவைத்திருந்த சாமான் அது. "அங்க கிடந்து தூசி பிடிக்காமல் உன்னட்டக் கிடந்து சத்தம் போடட்டும்" என்றார் அத்தான். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அதைத் திறந்து காட்டச் சொன்னார்களாம். ஒரு சிப்பாய் முன்பக்கத்து வலையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காததால் போகலாம் என்று கையைக் காட்டினானாம். அத்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கிளிநொச்சியில் எங்களுக்கு ஒரு சின்ன இசைக்குழு இருந்தது. பாடசாலையில் சங்கீதம் படிப்பித்த மாஸ்டர்தான் தலைவர். கீபோட் அவருடையது. நான் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். குழுவில் எனக்கு ரிதம் கிற்றார். பாடுகிறவருக்குப் பின்னால் நின்று தாளம் பிசகாமல் பிடித்துக்கொண்டு போவதுதான் வேலை. முன்னுக்கு வந்து பாட்டின் முகப்பையும் இடையிசையையும் வாசிக்கிற லீட் கிற்றார் இன்னொரு பொடியனுடையது.

அவன் என்னைவிட நான்கு வயது இளையவன். தாயும் தகப்பனும் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவன் இங்கே பிறந்து இங்கே வளர்ந்தவன். நெல் ஆலையில் வேலை செய்தான். எங்களோடு எங்கள் தமிழிலேயே கதைப்பான். தகப்பனோடு கதைக்கும்போது மட்டும் வாயில் வேறு தமிழ் வரும். நாங்கள் பக்கத்தில் நின்றால் அதையும் குறைத்துக்கொள்வான். கிற்றாரை யாரிடமும் முறையாகப் பழகவில்லை. வானொலியில் ஒரு பாட்டு இரண்டு தரம் போனால் மூன்றாம் தரம் அவன் வாசிப்பான். அவ்வளவுதான்.

நான் கொண்டுவந்த பெட்டி சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற வெறும் பெட்டி அல்ல. உலகத்திலுள்ள பழைய, பெரிய அம்ப்ளிபயர்களின் குரலையெல்லாம் அது தனக்குள் இருந்த கணினிச் சில்லால் அப்படியே போலிசெய்யும். ஒரு குமிழைத் திருப்பினால் மணி அடித்ததுபோல் சுத்தமான சத்தம். இன்னும் திருப்பினால் கரகரப்பு. இன்னும் திருப்பினால் உறுமல். எதிரொலி வேறு, அலையடிப்பு வேறு. மேலே நான்கு பொத்தான்கள், நான்கு சனல்கள். பிடித்த சத்தத்தை அமைத்துவிட்டு ஒரு பொத்தானை மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தால் அதன் சிவப்பு விளக்கு இரண்டு தரம் சிமிட்டும். பிறகு அந்தச் சத்தம் அந்தச் சனலில் இருக்கும். முன்பு அங்கே இருந்தது அழிந்துவிடும். மேடையில் காலடியில் ஒரு மிதிபலகை. நான்கில் எது வேண்டுமோ அதை மிதிக்க வேண்டியதுதான்.

"இது லீட் வாசிக்கிறவனுக்குத்தான் தேவை. நீ மிக்ஸருக்கு நேர குடுத்து வாசி" என்று மாஸ்டர் சொன்னார். நான் பெரிய மனதோடு தலையாட்டினேன். உண்மையில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. என்னுடைய பெட்டியில் அவன் வாசிக்கிறான் என்று அலுவலகத்தில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைக்காரர் தன்னுடைய ஜெனரேற்றரைத் தந்து, நெல் மூட்டை அடுக்கும் கொட்டிலில் பழகவும் விட்டார். பெட்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அவன் ஆங்கிலம் வாசிக்கமாட்டான். நான் மூட்டையில் இருந்துகொண்டு ஒவ்வொரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்வேன். அவன் குந்தியிருந்து குமிழ்களைத் திருப்புவான். எனக்குச் சொற்கள் விளங்கின, அவனுக்குச் சத்தம் விளங்கியது. "அண்ணை, இதில கொஞ்சம் ஈரம் காணாது" என்பான். சத்தமென்ன நெல்லோ, ஈரமும் காய்ச்சலும் பார்க்க என்று நான் சிரிப்பேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்து நாலாம் சனலை அவன் அமைத்தான். தந்தியைத் தொட்ட நொடியில் சத்தம் வராது. ஒரு மூச்சு பிந்தி, மெல்லப் பெருத்து வரும். வந்தபின் தூரத்தில் கொஞ்ச நேரம் நின்று கரையும். வயலின் என்றும் சொல்ல முடியாது, புல்லாங்குழல் என்றும் சொல்ல முடியாது. முதல்முறை அதை முழுப்பாட்டில் வாசித்தபோது மாஸ்டர் கீபோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பொத்தானை அமுக்குங்கோ அண்ணை, நீங்களே அமுக்குங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றான் அவன். நான்தான் அமுக்கிப் பிடித்தேன். விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது.

அதற்குப் பிறகு எங்களை எல்லோரும் கூப்பிட்டார்கள். கோயில் திருவிழா, பாடசாலை விழா, கலியாண வீடு. சமாதான காலம், சனம் பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட காலம். முல்லைத்தீவில் ஒரு தேவாலயப் பெருநாளுக்குப் போயிருந்தோம். பின்னேரம், கடற்காற்று மைக்கில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் நாலாம் சனலை மிதித்து ஒரு முகப்பு வாசித்ததும் கடற்கரைப் பக்கம் நின்றவர்களும் எழும்பி மேடைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். முடிந்ததும் அவனைச் சுற்றிக் கூட்டம். நான் பெட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருவர் அவனைக் காட்டி, "தம்பி, இவர் எந்த ஊர்?" என்று என்னைக் கேட்டார். கிளிநொச்சி என்றேன். "நீங்கள் அவற்ற பெட்டிக்காரரோ?" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் அந்தச் சொல் எனக்குள்ளே போய் இருந்துகொண்டது. குழுவில் மற்றவர்கள் அதைப் பகிடியாக எடுத்து, "பெட்டிக்காரர் வந்திட்டாரோ?" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டில் தனியே கிற்றாரைப் பெட்டியில் கொழுவி அவனுடைய சனலில் நானும் வாசித்துப் பார்ப்பேன். என் கையில் அது வெறும் எதிரொலிதான்.

இரண்டு வருடம் போனது. வவுனியாவில் மாஸ்டரின் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கலியாணம் வந்தது. ஒரு மண்டபத்தில் பகல் வரவேற்பு. அதற்கு ஒரு கிழமை முன்னதாக மாஸ்டர் கொட்டிலில் எல்லோரையும் இருத்தி ஒரு செய்தி சொன்னார். வவுனியாவில் பெரிய இசைக்குழு வைத்திருந்த ஒருவர் அந்தக் கலியாணத்துக்கு வருகிறார். அவர்கள் திருகோணமலை, கொழும்பு என்று போய் வாசிக்கிறவர்கள். அவருக்கு ஒரு கிற்றார்காரன் தேவை.

"தம்பியைக் கேக்கத்தான் வாறார்" என்றார் மாஸ்டர். "நல்லா வாசி. உனக்கு இது ஒரு வழி."

அவன் என்னைத்தான் பார்த்தான். "பெட்டி உங்கட, அண்ணை. நான் போனா?" என்று இழுத்தான்.

"அதைப் பிறகு பாப்பம்" என்றேன்.

கலியாணத்துக்கு அவனுடைய தகப்பனும் எங்களோடு வந்தார். மகன் பிறந்த பிறகு அவர் வவுனியாவுக்கு வந்தது அதுதான் முதல்தடவை என்று சொன்னார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். மண்டபத்தில் கடைசி வரிசையில் ஓரக் கதிரையில் போய் இருந்தார். முன்னுக்கு வரச் சொல்லியும் வரவில்லை. காலையில் சத்தம் சரிபார்த்தோம். நான்கு சனலும் ஒழுங்காக இருந்தன. பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் போனார்கள். நானும் போய்க் கை கழுவினேன். பந்தியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த பந்திக்கு நிற்கச் சொன்னார்கள். நான் மேடைக்குத் திரும்பி வந்தேன்.

இதைத் திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். திட்டம் போடாமல் செய்தேன் என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய பொய். முழங்காலில் இருந்து, கிற்றாரின் வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவன்போல் குனிந்தேன். யாருக்கும் கேட்காதபடி, சனலில் சேராத பொதுச் சத்தக் குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். நாலாம் சனலை எடுத்து, உறுமல் குமிழைக் கடைசிவரை திருப்பினேன். பொத்தானை அமுக்கினேன். மூன்று விநாடி நீண்ட நேரம். ஒரு விநாடியில் கையை எடுத்திருக்கலாம். விளக்கு சிமிட்டியது. சத்தக் குமிழை இருந்த இடத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போய் அடுத்த பந்தியில் இருந்து சாப்பிட்டேன். இரண்டாம் தரம் பருப்பும் கேட்டு வாங்கினேன்.

வவுனியாக்காரர் முன்வரிசையில் வந்து இருந்தார். முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. மூன்றாவது, அவனுக்காகவே மாஸ்டர் வைத்த பாட்டு. மெதுவான காதல் பாட்டு. முகப்பு முழுக்க அவன் தனியே வாசிக்க வேண்டும். மாஸ்டர் தலையாட்டினார். அவன் நாலாம் சனலை மிதித்துத் தந்தியைத் தொட்டான்.

மண்டபம் முழுக்க ஒரு உறுமல் எழுந்தது. அதற்கு மேலே ஒரு ஊளை. மைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து ஊளையிட்டது. பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். யாரோ சிரித்தார்கள். அவன் உடனே முதலாம் சனலுக்கு மாறினான். ஆனால் அரைத் தாளம் பிந்தி எடுத்தான், ஒரு சுரம் தவறியது. பாடுகிறவர் எங்கே எடுப்பது என்று தெரியாமல் நின்றார். மாஸ்டர் கீபோட்டில் முகப்பை வாசித்து ஒப்பேற்றினார். நான் என் தாளத்தைப் பிசகாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று நான் ஒரு தாளமும் பிசகவில்லை.

மிச்சப் பாட்டெல்லாம் அவன் முதலாம் சனலிலேயே, தன் விரல்களைப் பார்த்தபடியே வாசித்தான். வேறு எந்தச் சனலையும் மிதிக்கவில்லை.

முடிந்ததும் என்னிடம்தான் முதலில் வந்தான். "அண்ணை, நேற்றுப் பழகேக்க நான் எதையோ மாத்திச் சேவ் பண்ணிப்போட்டன் போல. காலமை சரியாத்தானே இருந்தது? இல்லாட்டி காலமையும் நான் வடிவாப் பாக்கேல்லையோ தெரியாது. என்ர பிழைதான்."

மாஸ்டர் குறுக்கே வந்தார். "இப்பிடியான இடத்தில கவனமா இருக்கோணும் தம்பி" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார்.

"விடுங்கோ மாஸ்டர்" என்றேன் நான். "எல்லாருக்கும் நடக்கிறதுதானே."

நான் அவனை மன்னித்தேன். செய்ததை நினைத்து வெட்கப்படுகிற நாட்களில்கூட, பொத்தானை அமுக்கியதைவிட இந்த ஒரு வசனம்தான் என்னை அதிகம் கூசவைக்கிறது. அவன் நன்றியோடு என்னைப் பார்த்தான். அவனுடைய தகப்பன் கதிரையை விட்டு எழும்பி, வாசலடியில் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்களுக்காகக் காத்து நின்றார்.

அடுத்த கிழமை வவுனியாக்காரர் மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தார். ரிதம் பிடித்தவர் வருவாரா, அந்தப் பெட்டியும் அவருடையதாமே என்று கேட்டார். நான் வவுனியாவுக்கு இடமாற்றம் கேட்டு எழுதினேன், கிடைத்தது. போகிற அன்று பெட்டியைச் சாக்கில் சுற்றிக் கட்டி பஸ்ஸில் ஏற்றித் தந்தவன் அவன்தான். "நீ இங்க விடாமல் வாசி" என்றேன். "எனக்கு மேடை சரிவராது அண்ணை. கை நம்பேலாமல் கிடக்கு" என்றான். பிறகு அவன் குழுவுக்கும் போகவில்லை என்று மாஸ்டர் எழுதியிருந்தார்.

வவுனியாவில் நான் நாலாம் சனலைத் திரும்ப அமைக்கப் பார்த்தேன். கையேடு என்னிடம் இருந்தது. ஒவ்வொரு குமிழும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் முயன்றேன், அந்தச் சத்தம் வரவே இல்லை. அதை எழுதி வைக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

சில மாதங்களில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. நான் வெளியே, அவர்கள் உள்ளே. அதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள். நான் வவுனியாவில் சம்பளம் எடுத்து, கடையில் பாண் வாங்கி, வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டு இருந்தேன். அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியவன் அவன் என்ற நினைப்பு பாணைக் கடிக்கும்போது வரும்.

சண்டையின் கடைசி மாதங்களில் சனம் வெளியே வந்து செட்டிகுளம் பக்கத்து முகாம்களில் அடைக்கப்பட்டபோது நான் தேடிப் போனேன். மூன்றாம் தரம் போனபோது அவனைக் கண்டேன். முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைத்தார்கள். மெலிந்து கறுத்திருந்தான். மனைவியும் நாலு வயது மகளும் பக்கத்தில் நின்றார்கள். தகப்பன் இல்லை. கடற்கரையில் தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்தபோது செல் குண்டு விழுந்து இறந்துபோனார் என்று சொன்னான்.

"அண்டைக்கு வவுனியாவில..." என்று தொடங்கினேன்.

"என்ன அண்ணை? கேக்கேல்ல."

"ஒண்டுமில்லை. பிள்ளைக்கு என்ன வேணும்?"

பால்மா, சவர்க்காரம், மகளுக்குச் செருப்பு. கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகும் கொண்டுபோனேன். ஒவ்வொரு தரமும் அவன் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு என்னைக் காட்டுவான். "இந்த அண்ணைதான் எனக்கு இங்கிலீசுப் புத்தகம் வாசிச்சுக் காட்டினவர்." அவன் மனைவி, "உங்கள மாதிரி யாருங்க வந்து பாக்குறாங்க" என்று கண்ணைத் துடைத்தாள். நான் இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவேன். சொல்லாமல் இருப்பதற்குச் சாமான் கொண்டுபோவது நல்ல வழியாக இருந்தது.

அந்த வருடக் கடைசியில் அவர்களை விட்டார்கள். வவுனியாவுக்கு வெளியே ஒரு சொந்தக்காரரின் வளவில் தகரக் கொட்டில் போட்டு இருந்தார்கள். ஒரு ஞாயிறு காலமை போனேன். மகளை முன்பள்ளிக்கு அனுப்பப் போவதாகச் சொல்லியிருந்தான். ஒரு பள்ளிக்கூடப் பையும் இரண்டு பிஸ்கற் பக்கெற்றும் வாங்கிக்கொண்டு போய் அவன் மனைவியிடம் கொடுத்தேன். வாசலில் ஒரு மரக்குற்றியில் இருந்தோம். அன்று எங்களைச் சுற்றி ஒருவரும் கத்தவில்லை.

"அண்டைக்கு வவுனியாக் கலியாணத்தில நாலாம் சனலை மாத்தினது நான்தான்" என்றேன். "நீங்கள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம்."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. "மாத்தினதெண்டா? கைபட்டு மாறிப்போச்சோ அண்ணை?"

எனக்கு அவனே ஒரு வழி திறந்து தந்தான். "இல்லை" என்றேன். "வேணுமெண்டுதான் செய்தனான். உன்னைக் கேக்க அவர் வந்தது எனக்குப் பொறுக்கேல்ல."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, என்னோடு ஒருநாளும் கதைக்காத அந்தத் தமிழில், தகப்பனோடு மட்டும் கதைக்கிற தமிழில் கேட்டான்.

"அப்ப அன்னைக்கி நான் தப்பு பண்ணலையா?"

"இல்லை. உன்னில ஒரு பிழையும் இல்லை."

"நாலு வருசமா நான் பண்ணுன தப்புன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறவன்போல் மெதுவாகச் சொன்னான். "பங்கர்ல இருக்கையில பக்கத்துக் குடும்பத்துக்கிட்ட ஒரு கிற்றார் இருந்துச்சு. புள்ளைங்க பயந்து அழுவுதுங்க, ஒரு பாட்டு வாசிடான்னு அப்பா கேட்டாரு. எனக்கு வராதுப்பான்னுட்டேன். ரெண்டு தரம் கேட்டாரு."

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதைச் சொன்னால் அவன் எனக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று பட்டது. அதனால் கேட்காமல் விட்டேன்.

அவன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "இங்க வா. அன்னைக்கி நான் தப்பு பண்ணலையாம்."

அவள் ஈரக்கையோடு வெளியே வந்தாள். "என்னைக்கி?"

"வவுனியாக் கல்யாணத்துல. இந்த அண்ணேதான் மாத்திவச்சாராம்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகாமில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்த அதே முகம். அதில் இப்போது என்னை அடையாளம் தெரிந்ததற்கான குறி எதுவும் இல்லை. உள்ளே போய்ப் பையையும் பிஸ்கற்றையும் எடுத்துவந்து என் பக்கத்தில், குற்றியின் மேல் வைத்தாள். மகள் பின்னால் வந்து பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

போயிட்டு வாறன் என்று சொல்லாமல் எழும்பினேன். சின்னப் பிள்ளையின் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் எடுக்கிற இடம்வரைக்கும் நடந்தேன்.

அடுத்த வருடம் அவர்கள் கிளிநொச்சிக்குத் திரும்பிப் போனார்கள். ஒரு கோயில் திருவிழாவில் அவன் யாரோ ஒருவருடைய கிற்றாரை வாங்கி வாசித்தான் என்று மாஸ்டர் சொன்னார். மாஸ்டருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

"அவன்ர கை இன்னும் அப்பிடியே இருக்கு, தெரியுமே?" என்றார். "அண்டைக்கு அந்தக் கலியாண வீட்டில மட்டும் கொஞ்சம் கவனமா இருந்திருந்தா எங்கயோ போயிருப்பான்."

"ஓம் மாஸ்டர்" என்றேன்.